பத்து நிமிடம் என்று நான் எழுதியது

போலீஸ் வேலையில் நான் யாரையும் துரத்திப் பிடித்ததில்லை. துப்பாக்கியைத் தூக்கியது வருடாந்தரப் பயிற்சியில் மட்டும்தான். நான் ஸ்டேஷன் ரைட்டர். வருகிறவர் என்ன சொன்னாலும் அதைத் தாளில் இறக்குவது என் வேலை. இத்தனை வருடத்தில் அதிகம் எழுதிய சொல் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 'சுமார்'. சுமார் ஐந்தரை அடி உயரம். சுமார் நாற்பது வயது. சுமார் பத்து நிமிடம்.

போன மாதம் ஒரு பெண் காவலர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அடிவாரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் நிலையத்தில் சேர்ந்தவர். இப்போதெல்லாம் வாக்குமூலத்தை செல்போனில் வீடியோவாகவே எடுத்துவிடுகிறோம் என்று பெருமையாகச் சொன்னார்.

"இனிமே ரைட்டரு தப்பா எழுதிட்டாருன்னு யாரும் சொல்ல முடியாதுங்கய்யா."

"கேள்வி கேக்குறவங்க மூஞ்சியையும் சேத்து எடுக்கறீங்களா, கண்ணு?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கமாகச் சொல்லலாமென்றால், கல்யாண வேலையாக வந்த பெண்ணிடம் சொல்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன். சேர்வராயன் மலைமேல் உள்ள எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஓட்டம், மதியம் சட்டம். கையெழுத்து நன்றாக இருந்ததால் போன இடமெல்லாம் என்னை ரைட்டர் மேஜையில் உட்கார வைத்தார்கள். எழுதத் தெரிந்தவனுக்குக் கேட்கவும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

மலைக்கு மாற்றலாகி நாலைந்து வருடம் கழித்து இன்ஸ்பெக்டர் மல்லிகா வந்தார். நாங்கள் மேடம் என்போம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வந்த முதல் வாரமே விசாரணை அறையிலிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். ஆணி மட்டும் மிச்சமிருந்தது.

அவர் சாட்சியை விசாரிக்கும் விதம் வேறு மாதிரி. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். சாட்சி பேசப் பேச 'ம்' கொட்ட மாட்டார், தலையாட்ட மாட்டார். முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"என் மூஞ்சில எதையாவது பார்த்தா, அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிடுவாங்க, ரைட்டர்."

எவ்வளவு நேரம் என்று கேட்கவே மாட்டார். "கண்ண மூடிக்குங்க. அது நடந்ததை மனசுல ஓட்டிப் பாருங்க. தொடங்கும்போது ஒரு தட்டு தட்டுங்க, முடிஞ்சதும் ஒரு தட்டு" என்பார். சாட்சி மேஜையைத் தட்டுவார். மேடம் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். சாட்சி தன் வாயால் நிமிடக் கணக்குச் சொன்னால் அதையும் பக்கத்தில் எழுதச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போய் நான் பார்த்தது குறைவு.

பழைய கோப்புகளையும் விட்டுவைக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பு, மலைப்பாதையில் ஒரு பஸ் கொண்டை ஊசி வளைவின் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில். யாருக்கும் காயமில்லை. பயணிகள் எல்லோரிடமும் நான்தான் எழுதி வாங்கினேன். சிலர் கால் மணி நேரம் தொங்கினோம் என்றார்கள். சிலர் சட்டென்று இறங்கிவிட்டோம் என்றார்கள். பயந்தவர்களுக்கு நேரம் நீண்டுவிட்டது என்று நினைத்துக் கட்டிவைத்துவிட்டேன். மேடம் அந்தக் கோப்பை இரண்டு நாள் வைத்திருந்தார்.

"சன்னல்ல பள்ளத்தைப் பார்த்தவங்க எல்லாரும் சட்டுனு எறங்கினோம்னு சொல்லிருக்காங்க. கண்டக்டர் திரும்பி நின்னுருந்தார் இல்லையா? அவர் மூஞ்சியப் பார்த்தவங்கதான் கால் மணி நேரம்னு சொல்றாங்க. நீங்களே எழுதிருக்கீங்க, படிச்சுப் பாருங்க."

படித்தேன். அப்படித்தான் இருந்தது. 'கண்டக்டர் பேயறைந்தவர்போல் நின்றார்' என்று ஏழெட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். கால் மணி நேரம் என்றவர்களும் அவர்கள்தான். என் கையெழுத்திலேயே இருந்தது, எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, மிளகு பறிக்கிற காலத்தில் ஒரு நாள் காலை சரோஜா என்ற பெண் நிலையத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காபி எஸ்டேட்டில் வேலை, அங்கேயே லைன் வீடு, வரிசையில் கடைசி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மேடம் சேலத்துக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அதனால் நானே எழுதிக்கொண்டேன்.

முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில். லைனில் வேறு யாருமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மேகம் இறங்கி, வாசலுக்கு எதிரே நிற்கும் காபிச் செடிகூடத் தெரியாமல் போனது. அப்போது சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வந்தது.

"மூஞ்சி மூஞ்சியாவே இல்லீங்க. கண்ணு ரெண்டும் பிதுங்கிக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு. சத்தமே இல்லீங்க. என்னையவே பாத்துச்சு."

"முறைச்சுப் பாத்தானா?"

"ஆமாங்க... பாத்துச்சுங்க."

'முறைத்துப் பார்த்தார்' என்று எழுதினேன்.

"எத்தன நேரம்?"

"நொம்ப நேரமுங்க."

"நொம்ப நேரம்னா? ஒரு பத்து நிமிசம் இருக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் தாள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் தலையை ஆட்டினார்.

"இருக்குமுங்க."

'சுமார் பத்து நிமிடம்' என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன்.

அவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. அந்த லைன் வீட்டுக்குக் கீழே, முப்பது அடி தள்ளி, காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு உடல். கரடியூர்ப் பக்கத்து மலைக்கிராமத்து விவசாயி சின்னராசு. எஸ்டேட் ஓரத்தில் இருந்த தன் காட்டில் ஏணி போட்டு மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது கதண்டுக் குளவிக் கூடு கலைந்திருக்கிறது. கழுத்திலும் முகத்திலும் எண்ண முடியாத கொட்டு. முகம் வீங்கி, உதடு தடித்து, தொண்டை அடைத்துப்போயிருந்தது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வீட்டை நோக்கி ஓடியிருக்கிறார். மூச்சு முட்டியதால் சத்தம் போட முடியவில்லை.

சரோஜாவுக்கு அவரைத் தெரியும். வருடாவருடம் அந்த லைனுக்குக் கமலா ஆரஞ்சு கொண்டுவந்து கொடுப்பவர். அந்த முகத்தில் அவர் எங்கேயும் இல்லை.

அன்று மதியமே உறவுக்காரர்கள் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் நின்றார். "அந்தப் பொம்பள என்ன எழுதிக் குடுத்துச்சுன்னு படிங்க" என்றார். புகாரைச் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவர்கள் சம்பந்தப்பட்டவர்களா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. படித்தேன்.

பத்து நிமிடம் என்று வந்த இடத்தில் கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பத்து நிமிசம்," என்றார் கவுண்டர். "ஒரு மனுசன் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு நிக்குறான். பத்து நிமிசம் வேடிக்கை பாத்துருக்கா. கதவத் தொறக்கல."

சின்னராசுவின் மனைவி செல்லம்மா கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து சரோஜாவிடம் லைனில் யாரும் பேசவில்லை. குழாயடியில் அவர் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. பள்ளிக்கூடத்தில் அவர் மகளை 'பத்து நிமிசம்' என்று கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து நீக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் எஸ்டேட் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்மேல் வழக்குப் போடும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள்.

மேடம் புகாரைப் படித்தார். இரண்டாம் முறை படித்தபோது விரலை அந்த வரியின்மேல் வைத்தார்.

"இது அவங்க சொன்னதா, ரைட்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். கையெழுத்து அவருடையது, படித்துக் காட்டியதற்குச் சாட்சியும் உண்டு. ஆனால் குழாயடியில் நகர்ந்த குடங்களை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"நொம்ப நேரம்னாங்க மேடம். பத்து நிமிசம்னு கேட்டது நான்தான்."

"முறைத்துப் பார்த்தார்?"

"அதுவும் நான்தாங்க மேடம்."

அவர் முகம் அப்போதும் மாறவில்லை. "உங்க கையாலயே எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதற்கு மெமோ வந்தது. ஆனால் நான் சொன்னதை மட்டும் வைத்து அந்தப் பத்து நிமிடத்தை யாரும் எடுத்துவிடப் போவதில்லை. ரைட்டரைச் சரிக்கட்டிவிட்டார்கள் என்பார்கள்.

மூன்றாம் நாள் மேடம் சரோஜாவிடம் போய், அன்று நடந்ததை அதே வீட்டில் வைத்து அளந்து பார்க்க வேண்டும், இஷ்டமில்லையென்றால் வேண்டாம் என்றார்.

"எனக்கே தெரியோணுமுங்க," என்றார் சரோஜா. "நான் பத்து நிமிசம் பாத்துக்கிட்டு இருந்திருந்தா, நான் என்ன சென்மம்னு எனக்கே தெரியோணும்."

சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். அன்றும் மேகம் இறங்கியிருந்தது. ஊர்க்கவுண்டரையும் ஒரு சாட்சியாக மேடம் அழைத்திருந்தார். ஒரே அறை வீடு. கதவு, அதையொட்டி ஒரு சன்னல், அதில் ஒற்றைக் கண்ணாடி. வெளிப்பக்கம் கண்ணாடியில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது.

முதலில் சரோஜாவைக் கட்டிலில் உட்கார வைத்துக் கண்ணை மூடித் தட்டச் சொன்னார். முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் மூன்றே முக்கால் நிமிடம். பத்து இல்லை.

அடுத்தது என் முறை. நான் வெளியே சன்னலருகே போய்ச் சும்மா நிற்க வேண்டும். அன்று நின்ற அளவு ஆனதும் சரோஜா உள்ளேயிருந்து தட்டுவார். நின்றேன். காலுக்குக் கீழே மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. சரோஜா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. அவர் தட்டியபோது மேடத்தின் கடிகாரத்தில் நாலு நிமிடம் ஆகியிருந்தது.

மேடம் வெளியே வந்தார். பிரேதப் பரிசோதனைக்கு முன் எடுத்த போட்டோவைக் கோப்பில் நான் பார்த்திருந்தேன். "அந்த மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கில்ல?" என்று மெதுவாகக் கேட்டார். "மூச்சை அடக்கிக்குங்க. வாயத் தொறங்க. கண்ண எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகட்டுங்க. அவங்க தட்டுறவரைக்கும் மாத்தாதீங்க."

நான் நடிகன் இல்லை. வெட்கமாகக்கூட இருந்தது. செடி மறைவிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு நடந்து வந்து, கண்ணாடிக்கு முன் நின்று, வாயைப் பிளந்தேன்.

முதல் சில கணங்கள் நடிப்புதான். பிறகு என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சரோஜாவின் புருவம் மேலே ஏறியது. வாய் திறந்தது. கண் அகன்றது. நான் வைத்திருந்த அதே முகம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் என் முகம் மங்கலாக விழுந்து அவர் முகத்தின்மேல் படிந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே வாய். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. யாரைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று தெரியவில்லை. காது அடைத்தது. மேடம் என்னை மறந்துவிட்டார், ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும், இனி மூச்சு விடாவிட்டால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. என் வலது கை தானாக எழுந்தது. விரல்களை விரித்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தியது.

சரோஜா அலறினார்.

நான் பின்வாங்கி மூச்சை இழுத்தேன். கவுண்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். மேடம் கடிகாரத்தைக் காட்டினார்.

இருபத்தாறு வினாடி.

உள்ளே சரோஜா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தார். மேடம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"இப்ப ரைட்டர் நின்னது அன்னைக்கு நின்னதை விடக் கம்மியா, அதிகமா?"

"அன்னிக்கு எவ்வளவோ அவ்வளவுதானுங்க." சரோஜா என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "கையக்கூட அப்படியேதான் வெச்சாருங்க."

கை வைத்ததை அவர் அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. புகாரில் இல்லை. மேடத்திடமும் சொல்லவில்லை. கையை உயர்த்தும்படி என்னிடமும் யாரும் சொல்லவில்லை. மூச்சு முட்டுகிறவன் எதையாவது பிடிக்கத்தான் கை நீட்டுவான் என்று பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை. சில நாள் அந்தக் கையைப் பார்க்காமல் சாப்பிட முயன்றிருக்கிறேன்.

மேடம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "அவர் கை கண்ணாடில இருந்துச்சு. உங்க கை எங்க இருந்துச்சு?"

சரோஜா தன் வலது கையைப் பார்த்தார். அது காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"போனுங்க," என்றார். "போன் வெச்சிருந்தனுங்க. தங்கச்சிகூடப் பேசிட்டு இருந்தேன்."

தங்கையிடம் பிறகுதான் பேசியதாக அவர் எண்ணியிருந்தார். போனை எடுத்துப் பார்த்தோம். சம்பவ நாளில் நாலு மணி ஏழு நிமிடத்துக்கு அடிவாரத்துத் தங்கைக்கு ஒரு அழைப்பு. மொத்தமே ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. மேடம் அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுத் தங்கையிடம் பேசினார். கவுண்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காது குத்துக்கு எப்ப வாரேன்னு கேட்டுட்டு இருந்தனுங்க. அக்கா திடீர்னு கம்முனு ஆயிட்டா. லைன் போயிருச்சாட்ட இருக்குதுன்னு அலோ அலோன்னு ஒரு நாலு தடவ கூப்புட்டேன். அதுக்குள்ள கத்துனா. கட்டாயிருச்சுங்க."

நாலு தடவை அலோ சொல்லும் நேரம். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஜீப்பில் மேடம் சொன்னார், அதிகம் பேசாதவர் அன்று கொஞ்சம் பேசினார்: பயந்த முகத்தைப் பார்த்தால் நம் முகமும் அதுவாகிவிடுகிறது, உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது, உள்ளே ஒரு கடிகாரம் தறிகெட்டு ஓடுகிறது, ஓடினவனுக்குத்தானே தூரம் தெரியும். "அவங்க பொய் சொல்லல, ரைட்டர். அவங்களுக்கு அது பத்து நிமிஷத்துக்கும் மேலதான்."

இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். சரோஜாவின் போனில் இன்னும் மூன்று பதிவுகள் இருந்தன. தங்கை திருப்பிக் கூப்பிட்டது: நாலு ஒன்பது, நாலு இருபது, நாலு நாற்பத்தொன்று. மூன்றும் எடுக்கப்படவில்லை. போன் அடித்ததே தெரியாது என்றார் சரோஜா. அந்த முகம் மறைந்து "கொஞ்ச நேரத்துல" வேலைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைவு. வந்தது ஐந்து மணிக்கு. அந்த ஐம்பது நிமிடமும் அவர் கட்டில் சந்தில் குந்தியிருந்திருக்கிறார். சின்னராசு முப்பது அடி கீழே கிடந்திருக்கிறார். அரை நிமிடம் மலையாக நீண்டது. ஐம்பது நிமிடம் கைப்பிடிக்குள் சுருங்கிவிட்டது.

அதை எழுத வேண்டுமா என்று மேடத்திடம் கேட்டேன்.

"எழுதணும். நமக்குப் புடிச்ச நேரத்தை மட்டும் எழுதுறதா?"

எழுதினேன். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரை மேடம் நேரில் பார்த்துக் கேட்டார். சன்னலுக்கு வரும்போதே தொண்டை அடைத்துவிட்டது, விழுந்த பிறகு சில நிமிடம்தான் உயிர் இருந்திருக்கும், அந்த இடத்துக்கு வண்டி வந்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்திருக்கும் என்றார் அவர். கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று தன்னால் எழுதித் தர முடியாது என்றும் சொன்னார். கதண்டு கொட்டியதால் ஏற்பட்ட மரணம் என்று கோப்பு மூடப்பட்டது.

உறவுக்காரர்களை அழைத்து மேடம் எல்லாவற்றையும் சொன்னார், ஐம்பது நிமிடம் உட்பட. அந்தப் பத்து நிமிடம் என் வாயிலிருந்து வந்தது என்பதை நானே எழுந்து நின்று சொன்னேன். ஒருவர் என்னை அடிக்க வந்தார். கவுண்டர் தடுத்தார்.

"உடுப்பா. நான் அங்க இருந்தேன். கண்ணால பாத்தேன். அது கொஞ்ச நேரந்தான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா அந்தக் கொஞ்ச நேரத்தை என்னாலயே தாங்க முடியல."

அவர்கள் எழுந்து போனார்கள். எஸ்டேட் வாசலில் உட்காருவதும் அன்றோடு நின்றது. செல்லம்மா மட்டும் போகவில்லை. என் மேஜைக்கு முன் வந்து நின்றார்.

"அரை நிமிசந்தானுங்களா?"

"ஆமாங்கம்மா. அதுக்கும் கொறச்சல்."

நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"பத்து நிமிசம்னு நீங்க படிச்சப்ப அவள வெட்டிப்போடலாமான்னு இருந்துச்சுங்க. ஆனா ராத்திரியெல்லாம் ஒண்ணு நெனச்சுக்குவேன். சாகற நேரத்துல பத்து நிமிசம் ஒரு மனுச மூஞ்சிய பாத்துட்டுத்தான் போனாரு எம்பட ஊட்டுக்காரருன்னு. இப்ப அதும் இல்லீங்களா?"

இத்தனை வருடம் எழுதியவன், அந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். சரோஜாவைப் பார்க்க வேண்டும், தனியாகப் போனால் அந்தப் பெண் பயந்துகொள்ளும், நான் கூட வர வேண்டும் என்றார். மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. வெயில் நன்றாக அடித்தது. லைனில் ஆட்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

சரோஜா வாசலில் நின்றிருந்தார். செல்லம்மாவைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான் கூப்பிடப் போனேன். செல்லம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டுமுங்க. எனக்கு இதுதான் வேணும்."

அவர் சன்னலுக்குப் போனார். நான் நின்ற அதே இடத்தில், அவர் கணவர் நின்ற அதே இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கண்ணாடிக்கு அப்பால் சரோஜா தெரிந்தார். அந்தக் கண்ணாடி மறுபடியும் என்ன செய்யுமோ என்றிருந்தது.

"அவரு கடைசியா பாத்தது உன்ற மூஞ்சியதான்," என்றார் செல்லம்மா. கண்ணாடி வழியாகக் கேட்கும் அளவுக்குத்தான் குரலை உயர்த்தினார். "நானும் ஒருக்கா பாத்துக்கறேன். பயப்படாத, கண்ணு. சும்மா பாரு."

சரோஜா பார்த்தார். முதலில் அந்தப் பழைய முகம்தான் வந்தது: புருவம் ஏறி, வாய் திறந்து. செல்லம்மாவின் முகத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டவில்லை. அவர் அசையாமல், தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரோஜாவின் புருவம் இறங்கியது. வாய் மூடியது. பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. செல்லம்மாவுக்கும் அப்போதுதான் இறங்கியது; கணவர் செத்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கையில் கடிகாரம் இருந்தது. பார்க்கவில்லை.

கடைசியில் செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சன்னலை விட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"கதவத் தொற, சாமி," என்றார்.

தாழ்ப்பாள் விலகியது.